டிசைன் வகுப்பில் எவ்வளவு தேறியிருக்கிறோம்? நீங்களே மதிப்பிட்டு எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

செமஸ்டர் முடியப்போகும் வாரத்தில் டிசைன் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் சுற்றும்: “ரிஃப்ளெக்‌ஷன் எழுதிட்டியா?” போஸ்டர் முடிந்திருக்கும், மாக்அப் முடிந்திருக்கும், பிரிண்ட்கூட எடுத்தாகியிருக்கும். தன் வேலையைத் தானே திரும்பிப் பார்த்து எழுத வேண்டிய இந்த இரண்டு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் நள்ளிரவு நெருங்கும்போது உட்கார்ந்து, ‘இந்த மாட்யூலில் நிறையக் கற்றுக்கொண்டேன், நேரத்தின் அருமையை உணர்ந்தேன், கூட்டுமுயற்சி முக்கியம் என்று புரிந்தது’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இதே மூன்று வரியை நர்சிங் மாணவரும் எழுதலாம், எஞ்சினியரிங் மாணவரும் எழுதலாம். அதில் டிசைன் எங்கே இருக்கிறது?

ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதினால் இப்படித்தான் வரும். பழைய கோப்புகளையும் பிரிண்ட்களையும் எதிரே வைத்துக்கொண்டு எழுதினால் விஷயம் தானாக வரும், எழுதும் நேரமும் பாதியாகும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ ஐடிஇயிலோ, லாசால், நஃபா போன்ற கலைக் கல்லூரிகளிலோ படிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையில் மாலை வகுப்புக்குப் போகும் அண்ணன், அக்காமாருக்கும் இது பொருந்தும். நானும் இதே படிப்பில் இருப்பவன்தான். ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். விளக்குவதற்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: சமூக மன்றப் பொங்கல் விழாவுக்கு, தமிழும் ஆங்கிலமும் கலந்து, ஏ3 அளவில் ஒரு சுவரொட்டி. தமிழ் மாணவர் என்று தெரிந்துவிட்டால் யாராவது ஒருவர் நம் தலையில் கட்டிவிடுகிற வேலை அது.

படி 1: எழுதும் முன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள்

லேப்டாப்பைத் திறந்ததும் வேர்டுக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். பென்சிலில் கிறுக்கிய தம்நெயில்களை (சின்னச் சின்ன முன்வரைவுகளை) போனில் படம் எடுத்துப் போடுங்கள். மாதிரிப் படங்களையும் நிறங்களையும் ஒட்டிய மூட்போர்ட், ஒவ்வொரு வாரமும் வகுப்பில் காட்டிய லேஅவுட், லெக்சரர் சிவப்புப் பேனாவால் கோடு போட்ட பிரிண்ட், டீம்ஸில் வந்த கருத்துகள், கூடவே பாதியில் தூக்கிப்போட்ட ஐடியாக்கள், எல்லாம் அதில் போகட்டும். தூக்கிப்போட்டதை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் ஏன் தூக்கிப்போட்டீர்கள் என்பதில்தான் எழுதுவதற்கு அதிகம் இருக்கிறது.

இங்கே பலருக்கும் ஒரு சிக்கல் வரும். ஒரே கோப்பின் மேலேயே திரும்பத் திரும்ப சேவ் செய்திருப்பார்கள். முதல் வடிவமே இருக்காது. கூகுள் டிரைவில் போட்டிருந்தால் பழைய வடிவங்களைப் போய்ப் பார்க்கலாம். ஆனால் இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப் மாதிரிக் கோப்புகளின் பழைய வடிவங்களை டிரைவ் 30 நாளுக்குப் பிறகு அழித்துவிடலாம். ஃபிக்மாவின் இலவசக் கணக்கிலும் 30 நாள் வரலாறுதான் கிடைக்கும். செமஸ்டர் அதைவிட நீளம். ஆகவே வாரம் ஒருமுறை, வகுப்பு முடிந்த கையோடு ஒரு பிடிஎஃப் எடுத்து, பெயரில் தேதியைப் போட்டு வைத்துவிடுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ என்றெல்லாம் பெயர் வைத்தால் மூன்று மாதம் கழித்து எது முந்தியது என்று உங்களுக்கே தெரியாது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்த வேலை என்றால் ‘பேக்கேஜ்’ கொடுத்து ஃபான்ட், படங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி கொடுத்த அடோபி கணக்கு படிப்பு முடிந்ததும் போய்விடும். பிடிஎஃப் எங்கும் திறக்கும்.

படி 2: அச்சடித்துத் தரையில் பரப்புங்கள்

திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. எல்லா வடிவங்களையும் ஒரே அளவில், ஏ4க்குச் சுருக்கியாவது, அச்சடித்து வரிசையாகப் பரப்புங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் இடம் இருக்குமா என்று கேட்காதீர்கள், கூடத்தில் சோபாவைக் கொஞ்சம் தள்ளினால் ஆறேழு தாள் தாராளமாகப் பரப்பலாம். கல்லூரி பிரிண்டரில் கூட்டமாக இருந்தால் பென்கூலன் ஸ்திரீட்டில் சன்‌ஷைன் பிளாசாவும், பக்கத்திலேயே பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸும் இருக்கின்றன. இரண்டிலும் அச்சுக் கடைகள் உண்டு.

முதலில் கருப்பு வெள்ளையில் எடுங்கள். வண்ணம் போனதும் எது பெரிது, எது சிறிது, கண் எங்கே முதலில் போகிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். வண்ணத்தில் அழகாக இருந்த சிவப்புத் தலைப்பும் பச்சைப் பின்னணியும் சாம்பலில் ஒன்றாகிவிட்டால், தலைப்பு இதுவரை வண்ணத்தை மட்டுமே நம்பி நின்றது என்று அர்த்தம். அப்புறம் கூடத்தின் மறுகோடிக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மின்தூக்கிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் இதைப் பார்க்கப்போகிறவர் கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில்தான் நிற்பார்.

பிறகு வண்ணப் பிரிண்ட். திரையில் பளீரென்று இருந்த ஆரஞ்சும் கரும்புப் பச்சையும் தாளில் மங்கியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சு சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை). திரையின் சில நிறங்களை நான்கு மையால் கொண்டுவரவே முடியாது. முதல் வடிவத்தை ஆர்ஜிபியில் செய்து, பின்னால் செய்ததைத் தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கேயில் செய்திருந்தால் அது உங்கள் வளர்ச்சியின் கண்ணெதிர் ஆதாரம். தாளை வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க, நான்கு பக்கமும் வெளியே நீட்டிவிடும் 3 மில்லிமீட்டர் பிளீட் விட்டீர்களா என்பதும் அப்படித்தான்: 297க்கு 420 மில்லிமீட்டர் ஏ3 தாள், பிளீடோடு 303க்கு 426 ஆகும். படங்கள் 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) இருக்க வேண்டுமென்றால் ஏ3 முழுப்பக்கப் படத்துக்கு 3508க்கு 4961 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் வந்த பானைப் படம் அதற்குப் பக்கத்திலேயே வராது.

படி 3: பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

இந்தப் படியில் நல்லது, கெட்டது, அழகு, அசிங்கம் என்ற சொற்களுக்குத் தடை. எண்ணக்கூடியதை எண்ணுங்கள், அளக்கக்கூடியதை அளங்கள். நம் பொங்கல் சுவரொட்டியை எடுத்துக்கொண்டால் குறிப்பு இப்படி இருக்கும்:

முதல் வடிவம். ஐந்து ஃபான்ட். மேலே கரும்பு, கீழே கோலம், வலப்பக்கம் பானை, பின்னால் சூரியன். தமிழ்த் தலைப்பும் ஆங்கிலத் தலைப்பும் இரண்டுமே 72 பாயின்ட். நாள், நேரம், இடம் மூன்றும் அடியில் 14 பாயின்ட்டில், மஞ்சள் மேல் வெள்ளை. இடது ஓரம் 20 மில்லிமீட்டர், வலது ஓரம் 12.

நான்காம் வடிவம். இரண்டு ஃபான்ட். பானை மட்டும் இருக்கிறது, பக்கத்தின் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்த் தலைப்பு பெரிது, ஆங்கிலம் அதில் முக்கால் பங்கு. நாளும் நேரமும் 36 பாயின்ட், அடர் பழுப்பு, இடது ஓரத்தில் தலைப்போடு ஒரே கோட்டில். நான்கு ஓரமும் 18 மில்லிமீட்டர்.

இவ்வளவுதான். படித்துப் பாருங்கள், பாதி ரிஃப்ளெக்‌ஷன் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. ஐந்து ஃபான்ட் இரண்டானது ஏன்? மூன்று படங்கள் எங்கே போயின? ஓரங்கள் எப்போது சமமாயின? கேள்விகள் தாமே எழும்பும்.

எல்லா வேலைக்கும் இதைச் செய்ய வேண்டாம், மூன்று போதும். ஒன்று நன்றாக வந்தது, ஒன்று சுமாராக நின்றது, ஒன்று இன்னும் பிடிபடாதது. நன்றாக வந்ததை மட்டும் காட்டுகிறவர்களை லெக்சரர்கள் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 4: தமிழ் எழுத்துக்குத் தனிச் சோதனை

இந்தப் படி நம் மாணவர்களுக்கு மட்டும். வகுப்பில் டைப்போகிராஃபி பாடம் முழுக்க ஆங்கில எழுத்தை வைத்தே நடக்கிறது. கெர்னிங் (இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி), லீடிங் (வரி இடைவெளி), டிராக்கிங் (சொல் முழுக்க எழுத்து இடைவெளி) என்று அங்கே கற்றதை அப்படியே தமிழில் போட்டுப் பார்க்கிறோம், உடைகிறது. எங்கே உடைந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதினால், வகுப்பில் வேறு யாரும் எழுத முடியாத ஒரு பகுதி உங்கள் கையில் இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

முதல் சோதனை ‘பொங்கல்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ‘பொ’ என்பதில் பகரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். யூனிகோடில் அந்த இரண்டும் சேர்ந்து ஒரே குறியாக, பகரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது மென்பொருள்தான் அதைப் பிரித்து இரு பக்கமும் வைக்க வேண்டும். இன்டிசைனில் எழுத்துகளைக் கோக்கும் வழக்கமான கம்போஸரில் விட்டுவிட்டால் கொம்பு இடம் மாறிப் போகலாம், புள்ளி வட்டம் தோன்றலாம். பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். போட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸுக்குள் டைப் பகுதியில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்ற தெரிவு இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரிலும் அதே பகுதியில் இந்திய மொழிகளுக்கான தெரிவைத் தேடுங்கள். முதல் வடிவத்தில் கொம்பு எங்கோ நிற்க, அடுத்ததில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் தட்டியது இன்னொரு தலைவலி. அவை யூனிகோடு அல்ல. உங்கள் கணினியில் தமிழாகத் தெரிவது, அந்த ஃபான்ட் இல்லாத அச்சுக் கடைக் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டுங்கள், அச்சுக்குக் கொடுக்கும் பிரதியில் எழுத்தை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வரைவடிவமாக) மாற்றுங்கள், மாற்றாத பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஊரில் சில அறிவிப்புகளில் தமிழ் சிதைந்து தொங்குவதைப் பார்த்து நாம் பல்லைக் கடிப்போமே, அதில் ஒரு பகுதி இந்த வழியில்தான் வருகிறது. தமிழ் தெரியாதவர் ஒட்டிவிட்டுப் போன எழுத்தைத் தமிழ் தெரிந்த யாரும் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து வரி இடைவெளி. ஆங்கிலத்தில் எழுத்தளவின் 120 விழுக்காடு லீடிங் வைத்தால் பொதுவாகப் போதும். தமிழில் ‘கி’, ‘கீ’ மேலே சுழிக்கும், ‘கு’, ‘ஞு’, ‘ழு’ கீழே இறங்கும். 120 வைத்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொண்டையும் முட்டிக்கொள்ளும். 140, 150 வரை ஏற்றிப் பாருங்கள். எத்தனையில் நின்றீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

டிராக்கிங்கும் அப்படியே. ஆங்கிலத் தலைப்பில் எழுத்துகளுக்கு நடுவே இடம்விட்டால் கம்பீரமாக இருக்கும். தமிழில் அதைச் செய்தால் கொம்பும் காலும் தங்கள் எழுத்தைவிட்டு நகர்ந்து, சொல் பிரிந்து கிடக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் கொடுக்கப் பெரிய எழுத்து இருக்கிறது, சாய்வெழுத்து இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது; சாய்த்தால் பெரும்பாலும் காற்றில் சரிந்த மாதிரிதான் இருக்கும். மிச்சம் இருப்பது கனம், அளவு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம். அதனால் பல கனங்கள் உள்ள ஃபான்ட் வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழும் கேட்டமரனும் மெல்லியதிலிருந்து மிகக் கனமானதுவரை ஒன்பது கனங்களில் கிடைக்கின்றன. முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டும் அதே தளத்தில் உண்டு. எல்லாமே இலவசம், உரிமச் சிக்கலும் இல்லை. மேக் கணினியில் பெயருக்குப் பின்னால் எம்என் என்று வரும் தமிழ் ஃபான்ட்களைப் பார்த்திருப்பீர்கள். அது மலேசியாவின் முத்து நெடுமாறனின் பெயரெழுத்து. பக்கத்து நாட்டுக்காரர் உருவாக்கியதைத்தான் தினமும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரே பாயின்ட்டில் வைத்தாலும் தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவாகத் தெரிவதில்லை. ஃபான்டுக்கு ஃபான்ட் மாறும். எண்ணைச் சமமாக்காமல், கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை மாற்றுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் தலைப்பு தமிழில் இரண்டு வரி கேட்கும். ஆங்கிலத்துக்குப் பெட்டி போட்டுவிட்டு அதே பெட்டிக்குள் தமிழை அமுக்குவது முதல் வருட வேலை. தமிழை முதலில் வைத்து, ஆங்கிலத்தை அதற்கேற்ப அமைத்த நாள் எது என்று உங்கள் கோப்புகளில் தேடிப் பாருங்கள்.

படி 5: ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் கேளுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி பிரியுங்கள். என்ன மாறியது, யார் அல்லது எது மாற்றவைத்தது, அதனால் எதை இழந்தேன். கடைசிப் பத்தியை யாரும் நிரப்புவதில்லை. கோலத்தை எடுத்ததால் இடம் கிடைத்தது, சரி. ஆனால் அது போனதும் சுவரொட்டி பொங்கலுக்கானதா, ஏதோ சமையல் போட்டிக்கானதா என்ற குழப்பம் வந்ததா? வந்திருந்தால் எழுதுங்கள். டிசைனில் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு என்று உங்களுக்குத் தெரியும் என்பதை அது காட்டும்.

நடுப்பத்தியில் நேர்மை வேண்டும். லெக்சரர் சொன்னதால் மாற்றியது, நண்பர் சொன்னது, பிரீஃபில் (வேலைக்கான குறிப்பில்) இருந்த கட்டாயம், நீங்களே கண்டுபிடித்தது, நான்கையும் பிரித்து எழுதுங்கள். செமஸ்டரின் தொடக்கத்தில் பெரும்பாலும் லெக்சரர் சொன்னதாகவும், கடைசியில் நீங்களே கண்டதாகவும் இருந்தால், வளர்ச்சி என்று தனியாகச் சொல்லவே தேவையில்லை.

சில மாட்யூல்களில் கிப்ஸ் சுழற்சியைப் பின்பற்றச் சொல்வார்கள். கிரஹாம் கிப்ஸ் 1988இல் முன்வைத்தது: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என்று ஆறு கட்டம். பயனுள்ள சட்டகம்தான், ஆனால் ஆறுக்கும் சம இடம் கொடுக்காதீர்கள். விவரிப்புக்கும் உணர்வுக்கும் சேர்த்து ஒரு சின்னப் பத்தி போதும். ‘மிகவும் பதற்றமாக இருந்தது’ என்பதை நீட்ட நீட்ட அது சாக்குப்போக்காகப் படிக்கும். பகுப்பாய்வில் உட்காருங்கள், மதிப்பெண் அங்கேதான்.

படி 6: வேறு கண்களிடம் கொடுங்கள்

வகுப்பில் வேலையை அலசும் கிரிட்டீக்கில் கிடைத்த குறிப்புகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றில் ‘கொஞ்சம் ஹெவியா இருக்கு’, ‘ஏதோ மிஸ்ஸிங்’ போன்றவற்றை அப்படியே ரிஃப்ளெக்‌ஷனில் ஒட்டாதீர்கள். ஹெவி என்றால் எது? எழுத்தின் கனமா, நிறமா, இடைவெளி போதாமையா? சொன்னவரிடமே போய், “எந்த இடத்தில் கண் நின்றது?” என்று கேளுங்கள். “நல்லா இருக்கு லா” என்று தட்டிக்கொடுக்கும் நண்பன் மனத்துக்கு நல்லவன், ரிஃப்ளெக்‌ஷனுக்கு உதவமாட்டான்.

வகுப்புக்கு வெளியே ஒருவரிடம் காட்டுவது இன்னும் நல்லது. வீட்டில் தாத்தாவிடம் நீட்டி “எப்படி இருக்கு தாத்தா?” என்றால் பேரப்பிள்ளை செய்தது என்பதற்காகவே பாராட்டிவிடுவார். கேள்வியை மாற்றுங்கள்.

“தாத்தா, இது எத்தனை மணிக்குன்னு பாருங்க.”

“இரு, கண்ணாடி எங்க வச்சேன்... பொங்கல்னு போட்டிருக்கு. பானை இருக்கு. மணி எங்கய்யா போட்டிருக்க?”

இந்த ஒரு கேள்வியில் உங்கள் ஹயரார்க்கி (எது முதலில், எது பிறகு கண்ணில் படும் என்ற வரிசை) மொத்தமும் சோதிக்கப்பட்டுவிட்டது. முதல் வடிவத்தில் ஒருவரிடமும் நான்காம் வடிவத்தில் வேறொருவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஒரே ஆளிடம் இரண்டையும் காட்டினால் பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கும். போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். எத்தனை விநாடி ஆனது என்று எழுதினால் அது உங்கள் சொந்த ஆதாரம்.

நிற வேறுபாட்டை ஆளே இல்லாமலும் அளக்கலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை விகிதமாகச் சொல்லும் இலவசக் கான்ட்ராஸ்ட் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. வலைத்தளங்களுக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்படி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 இருக்க வேண்டும். பெரியது என்றால் 18 பாயின்ட், தடித்த எழுத்தாக இருந்தால் 14. தூய மஞ்சள் மேல் வெள்ளை வைத்தால் சுமார் 1.07க்கு 1தான் வரும், அதாவது அநேகமாக ஒன்றுமே தெரியாது. அதே மஞ்சளில் கறுப்பு வைத்தால் 19ஐத் தாண்டும். அந்த அளவு திரைக்கானது என்றாலும் அச்சுக்கும் நல்ல கைவிளக்கு.

படி 7: ஊருக்குள் போய் ஒப்பிடுங்கள்

பின்டரெஸ்டோடு ஒப்பிட்டால் மனம்தான் உடையும். அங்கே இருப்பது யாருடைய பிரீஃபுக்கு யார் செய்தது என்றே தெரியாது. உங்கள் சுவரொட்டி தொங்கப்போகும் ஊரோடு ஒப்பிடுங்கள்.

சிராங்கூன் சாலையில் தேக்காவிலிருந்து நடந்து கடைப்பலகைகளைப் படம் எடுங்கள். நகைக்கடை, பூக்கடை, அச்சகம், உணவகம், ஒவ்வொன்றும் தமிழ் எழுத்தை ஒவ்வொரு விதமாக வைத்திருக்கும். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் போனால் காட்சிக் குறிப்புகளின் அமைப்பைக் கவனியுங்கள். கட்டுமானத் தளங்களின் நான்கு மொழி எச்சரிக்கைப் பலகையை நாள்தோறும் கடந்துபோகிறோம்; ஒருநாள் நின்று, நான்கு எழுத்துவகைக்கும் எவ்வளவு இடம், எவ்வளவு கனம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பழையதைப் பார்க்க வேண்டுமா? 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருக்கின்றன. ஈய எழுத்தில் கோத்த காலத்துத் தலைப்புகளைப் பாருங்கள். இரண்டு மூன்று அளவுகளையும் கோடுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் ஒழுங்குபடுத்தியிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு நம் ஐந்து ஃபான்ட் சுவரொட்டியைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. மிடில் ரோட்டில் தேசிய வடிவமைப்பு நிலையம் இருக்கிறது. பழைய செயின்ட் அந்தோணி கான்வென்ட் கட்டடம். கண்காட்சி ஏதாவது நடந்தால் எட்டிப் பாருங்கள்.

இந்தப் படியிலிருந்து ரிஃப்ளெக்‌ஷனுக்கு ஒரே ஒரு ஒப்பீட்டை எடுத்தால் போதும்.

படி 8: இப்போது எழுதுங்கள்

முதலில் ரூப்ரிக்கை, அதாவது மதிப்பெண் அட்டவணையை, படியுங்கள். செயல்முறைக்கு எவ்வளவு, முடிவுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று பார்த்து அதற்கேற்ப இடம் ஒதுக்குங்கள். சமர்ப்பிப்பது ஆங்கிலத்தில்தான் என்றாலும் முதல் நகலை எந்த மொழியில் எண்ணம் ஓடுகிறதோ அதில் எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் தொட்டிருந்தால் மாட்யூல் விதி என்ன சொல்கிறது என்று பார்த்து அதன்படி குறிப்பிட்டுவிடுங்கள். முழுவதையும் அதனிடம் எழுதச் சொன்னால் மறுபடி அந்த ‘நிறையக் கற்றுக்கொண்டேன்’ பத்தியே வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

நேராக வேலையிலிருந்து தொடங்குங்கள். ‘சிறு வயதிலிருந்தே வரைவதில் ஆர்வம்’ எல்லாம் கல்லூரிச் சேர்க்கை நேர்காணலோடு முடிந்த கதை. ஒரு பத்தி எப்படி வரலாம் என்பதற்கு மாதிரி:

‘முதல் வடிவத்தில் தமிழ்த் தலைப்பும் ஆங்கிலத் தலைப்பும் ஒரே 72 பாயின்ட். இரு மொழிக்கும் சம மரியாதை என்று நினைத்து அப்படி வைத்தேன். கருப்பு வெள்ளையில் அச்சடித்தபோது இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிட்டன, நாளும் நேரமும் எங்கும் தெரியவில்லை. எது முதலில் படிக்கப்பட வேண்டும் என்று கிரிட்டீக்கில் லெக்சரர் கேட்டார். அடுத்த இரண்டு வடிவங்களில் ஆங்கிலத்தைச் சுருக்கினேன். அதற்குப் பிறகு நேரத்தைத் தலைப்போடு ஒரே இடக்கோட்டில் கொண்டுவந்தது என் சொந்த முடிவு. வரி இடைவெளியை 120இலிருந்து 145 விழுக்காட்டுக்கு ஏற்றியதால் உயிர்மெய்க் குறிகள் முட்டுவது நின்றது, ஆனால் தலைப்பு உயரமாகி, கோலத்துக்கு இடமில்லாமல் போனது. விழாவின் அடையாளத்தைப் பானை மட்டும் சுமக்கிறது. அது போதுமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.’

இதில் ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை, கவனித்தீர்களா? உங்கள் நகலை முடித்ததும் அந்தச் சொல்லைத் தேடி, வருமிடமெல்லாம் அடித்துவிட்டு, அங்கே என்ன செய்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ‘மேம்பட்டது’, ‘சிறப்பாக அமைந்தது’ போன்றவற்றுக்கும் அதே கதி.

ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் படம் இருக்கட்டும், முன்பு ஒன்று பின்பு ஒன்று, ஒரே அளவில். கீழே ஒரு வரிக் குறிப்பு: எத்தனையாவது வடிவம், எந்த வாரம். முழுப் பக்கத்தையும் தபால்தலை அளவில் காட்டுவதைவிட, ‘பொ’ சரியாக உட்கார்ந்ததைக் காட்ட வேண்டுமென்றால் அந்த எழுத்தை மட்டும் வெட்டிப் பெரிதாகப் போடுங்கள்.

படி 9: அடுத்த செமஸ்டருக்கு ஒன்றே ஒன்று

‘டைப்போகிராஃபியில் இன்னும் மேம்படுவேன்’ என்பது திட்டம் ஆகாது. செய்தோமா இல்லையா என்று பிறகு சரிபார்க்க முடியாது. ‘வாரம் ஒரு தமிழ்த் தலைப்பை எடுத்து, ஒரே ஃபான்டின் மூன்று கனங்களில், கருப்பு வெள்ளையில் மட்டும் அமைத்துப் பார்ப்பேன்’ என்று எழுதினால் சரிபார்க்கலாம். படி 3இல் ‘இன்னும் பிடிபடாதது’ என்று ஒதுக்கிய வேலையிலிருந்துதான் இந்தத் திட்டம் வர வேண்டும். வேறெங்கிருந்தோ வந்தால் இட்டுக்கட்டியதாகத் தெரியும்.

சமர்ப்பிக்கும் முன் பிடிஎஃபை உங்கள் லேப்டாப்பில் பார்ப்பதோடு நிறுத்தாமல், தமிழ் ஃபான்ட் எதுவும் கூடுதலாகப் போடாத இன்னொரு கணினியில், கல்லூரி நூலகத்தில் இருப்பது போதும், ஒருமுறை திறந்து பாருங்கள். கொம்பும் காலும் இடத்தில் இருந்தால் அனுப்பிவிடலாம். வாராவாரம் சேர்த்த அந்த ஃபோல்டரை மட்டும் அழிக்காதீர்கள்; இன்டர்ன்ஷிப் நேர்காணலில் போர்ட்ஃபோலியோவைப் புரட்டிக்கொண்டே “இதற்கு முந்தைய வடிவம் இருக்கிறதா?” என்று கேட்கிறவர்கள் உண்டு.